சொட்டும் குழாய், முனகும் மோட்டார், ஒழுகும் மாடி: ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்க வேண்டியவை

மதுரையில் ஆனையூர், ஐயர் பங்களா, திருநகர், நாகமலை புதுக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும், வீடு கட்டி நாலைந்து வருடம் ஆனவர்கள் சொல்வது ஒன்றுதான். ஏதோ ஒழுகுது, ஏதோ நின்னு போச்சு, ஆள் கிடைக்கவில்லை, வந்த ஆளும் எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

வீட்டுப் பழுதில் காசு இரண்டு வழியில் கரைகிறது. பத்து நிமிட வேலைக்கு அரை நாள் கூலி கொடுப்பது ஒரு வழி. எது கெட்டது என்று தெரியாமல் நல்லதையும் சேர்த்துக் கழற்றிப் போடுவது இன்னொரு வழி. பெரிய செலவு இரண்டாவதில்தான் இருக்கிறது. அதனால் கருவி, பொருள் என்று பிரிக்காமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். எந்தப் பழுதானாலும் முதலில் கேட்க வேண்டியது இரண்டு கேள்விதான்: எங்கே வருகிறது, எப்போது வருகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கை வைக்கக் கூடாத இடங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்டருக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருப்பது மின்வாரியத்தின் வேலை. கேஸ் அடுப்புக் குழாய், ரெகுலேட்டர் வேலையை ஏஜென்சிதான் செய்ய வேண்டும். செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம். அதில் தேங்கும் வாயு ஆளைக் கூப்பிட விடாமல் சாய்த்துவிடும். அதற்குள் வேறொருவரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. லாரி வைத்து உறிஞ்சி எடுப்பது ஒன்றே வழி. மின்சாரம் சம்பந்தப்பட்ட எந்த வேலையிலும் சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நம்பாமல் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, காலில் செருப்போடு நில்லுங்கள்.

குழாயை இறுக்கி மூடினாலும் சொட்டுகிறது

எங்கிருந்து சொட்டுகிறது என்று பாருங்கள். வாயிலிருந்து சொட்டினால் உள்ளே இருக்கும் வாசர் தேய்ந்திருக்கிறது. கைப்பிடியின் கழுத்திலிருந்து கசிந்தால் வாசர் நன்றாகவே இருக்கும், மேலே உள்ள நட்டையோ பாக்கிங்கையோ பார்த்தால் போதும். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் கசிந்தால் மரையில் சுற்றிய டேப் போய்விட்டது.

பழைய மாதிரி, பல சுற்றுச் சுற்றித் திறக்கும் குழாய் என்றால் மேல்தொட்டியின் வால்வை மூடிவிட்டு, தலைப்பகுதியை ஸ்பேனரால் கழற்றுங்கள். அடியில் கறுப்பு ரப்பர் வாசர் இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், ஓரம் பிய்ந்திருக்கும். பழுது அதுதான். அதே அளவில் புது வாசர் சில ரூபாய்க்குக் கிடைக்கும். ஆனால் அதை மாட்டுவதற்கு முன்னால் குழாய்க்குள் விரலை விட்டு, வாசர் உட்காரும் பித்தளை விளிம்பைத் தடவிப் பாருங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீரில் அங்கே வெள்ளையாகக் காறை கட்டியிருக்கும். அதைச் சுரண்டாமல் புது வாசரைப் போட்டால் பத்து நாளில் மறுபடி சொட்டும். அப்புறம் குழாயே சரியில்லை என்று புதுக்குழாய் வாங்கப் போவீர்கள். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ துணியை நனைத்து அரை மணி நேரம் உள்ளே திணித்து வைத்தால் காறை இளகிவிடும். மரக்குச்சியால் தட்டி எடுத்துவிடலாம்.

அரைச் சுற்றில் திறக்கும் புது மாதிரிக் குழாயில் வாசர் இருக்காது. உள்ளே பீங்கான் தட்டு வைத்த ஒரு உருளை இருக்கும். கடையில் அதை ஸ்பிண்டில் என்று கேட்டால் கொடுப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி பல் எண்ணிக்கையும் உயரமும் மாறும் என்பதால் பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது. மாசி வீதி, மாரட் வீதிப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் பழையதை நீட்டி, "அண்ணே, இதே மாதிரி குடுங்க" என்றால் வேலை முடிந்தது. பழையது இல்லாமல் போனால் இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கும்.

டெஃப்லான் டேப் சுற்றும்போது மரை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் பக்கமாகவே இழுத்துச் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் குழாயைத் திருகும்போதே டேப் உரிந்து வெளியே வந்துவிடும்.

தண்ணீர் மெல்லிசாக வருகிறது

ஒரு குழாயில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்தக் குழாயின் வாயில் உள்ள சல்லடையையோ ஷவரின் முகத்தையோ கழற்றுங்கள். மதுரையைச் சுற்றி போர்வெல் தண்ணீர் என்பது பெரும்பாலும் கரும்பாறை வெடிப்புகளுக்குள் தங்கி ஊறி வருவது. பாறையிலிருந்து கரைந்துவரும் சுண்ணாம்புச் சத்து, தண்ணீர் காய்ந்ததும் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். வினிகரில் இரண்டு மணி நேரம் போட்டு வையுங்கள். குமிழ் வந்தால் காறை கரைகிறது என்று அர்த்தம். பிறகு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை இதற்கு எடுக்காதீர்கள், குரோமியப் பூச்சு கறுத்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் எந்தக் காரணத்துக்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதில் கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைப் பொசுக்கும். அடைத்த குளியலறையில் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

எல்லாக் குழாயிலும் குறைந்தால் மேல்தொட்டிக்குப் போங்கள். வெளிவாய் வால்வு பாதி மூடியிருக்கலாம், அல்லது தொட்டி அடியில் சகதி சேர்ந்திருக்கலாம். தொட்டி முழுக்கக் காலியாகி மறுபடி நிரம்பிய பிறகு இப்படி ஆனால் குழாய்க்குள் காற்று நிற்கிறது. வீட்டிலேயே தாழ்வாக உள்ள குழாய்களைச் சற்று நேரம் முழுதாகத் திறந்து விடுங்கள், புஸ் புஸ்ஸென்று சத்தம் போட்டுக் காற்று வெளியேறும்.

வெந்நீர் மட்டும் குறைவாக வந்தால் கீசரில் காறை கட்டியிருக்கிறது. அதைத் திறப்பது மெக்கானிக் வேலை. உங்கள் பங்குக்குச் சூட்டு அளவைக் குறைத்து வைக்கலாம். சூடு கூடக் கூடக் காறையும் வேகமாகப் படியும்.

யாரும் தண்ணீர் எடுக்காதபோதும் தொட்டி காலியாகிறது

வெளியில் எங்கும் ஈரம் இல்லை, ஆனால் மோட்டாரை முன்னைவிட அடிக்கடி போட வேண்டியிருக்கிறது என்றால் முதல் சந்தேகம் கழிப்பறை ஃப்ளஷ் டேங்க் மேல்தான் விழ வேண்டும். சத்தமே இல்லாமல் தண்ணீர் பீங்கான் வழியே போய்க்கொண்டிருக்கும்.

துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் ஊற்றுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம். பீங்கானுக்குள் நீலம் இறங்கியிருந்தால் ஒழுக்கு உறுதி. அடுத்தது எந்தப் பாகம் என்று பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து, நடுவில் நிற்கும் குழாயின் மேல்விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் அந்த விளிம்பைத் தொட்டு வழிந்தால் மிதவையின் உயரம் கூடிவிட்டது. அதைத் தாழ்த்தினால் போதும், செலவே இல்லை. தண்ணீர் விளிம்புக்குக் கீழே நின்றும் நீலம் இறங்கினால் அடியில் உள்ள ரப்பர் வாசர்தான் காரணம். அதைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். பல நேரம் ஒரு மணல் துணுக்குதான் இடையில் மாட்டியிருக்கும். ரப்பர் கல்லாகிவிட்டிருந்தால் மட்டும் புதியது வாங்குங்கள். ஃப்ளஷ் டேங்கையே மாற்றச் சொல்பவர்களிடம் இந்த நீலக் கதையைச் சொல்லிவிட்டு, எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கேளுங்கள்.

நீலம் இறங்கவில்லை என்றால் இரவில் மேல்தொட்டியின் வெளிவாய் வால்வை மூடுங்கள், தண்ணீர் மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலோ வால்விலோ கசிவு. இறங்காமல் இருந்தால் வீட்டுக்குள் போகும் குழாயில் கசிவு.

மோட்டார் தகராறு

நம் பக்கத்து வீடுகளில் அதிகம் செலவு வைப்பது இதுதான், அதிகம் அவசரப்படுவதும் இதில்தான். நல்ல தண்ணீருக்கு ஒரு சம்ப், உப்புத் தண்ணீருக்கு ஒரு போர் என்று இரண்டு மோட்டார் ஓடும் வீடுகளில் முதலில் எந்த மோட்டார் என்று தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான் கீழே சொல்வது சம்பிலிருந்து மேலே ஏற்றும், தரையில் உட்கார்ந்திருக்கும் மோட்டாருக்கு. போருக்குள் தொங்கும் மோட்டாரை மேலே எடுப்பது ஆட்கள் சேர்ந்து செய்யும் வேலை.

சத்தமே இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்ட் வரவில்லை. எம்சிபி (சுமை கூடினாலோ ஷார்ட் ஆனாலோ தானே விழும் சுவிட்ச்), சுவிட்ச், பிளக் என்று வரிசையாகப் பாருங்கள், எம்சிபி விழுந்திருக்கும் அல்லது ஏதாவது ஒன்றில் கருகல் தெரியும்.

ம்ம்ம் என்று முனகுகிறது, சுற்றவில்லை. இதைக் கேட்ட உடனே அணைத்துவிடுங்கள். ஒரு தடவை போட்டுப் பார்ப்போம், இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று விட்டால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிவிடும். காயில் கட்டும் செலவு ஆயிரங்களில் போகும். அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டாரின் பின்பக்க மூடியைத் திறந்தால் காற்றாடி தெரியும். அதைக் கையால் சுற்றுங்கள். இறுகிப்போய்ச் சுற்றவில்லை என்றால் உள்ளே துருவோ உப்போ பிடித்திருக்கிறது. ஊருக்குப் போய்ப் பல நாள் ஓட்டாமல் விட்ட மோட்டாரில் இது சகஜம். மெதுவாக அங்கிட்டும் இங்கிட்டும் அசைத்து இளக்கினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். காற்றாடி லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் மோட்டார் முனகுகிறது என்றால் கண்டென்சர் போயிருக்கிறது. மேலே பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்க வேண்டும். கழற்றுவதற்கு முன் கைப்பிடியில் பிளாஸ்டிக் உள்ள ஸ்குரூ டிரைவரால் அதன் இரண்டு முனையையும் ஒரு நொடி சேர்த்துத் தொடுங்கள். கரண்டை அணைத்த பிறகும் கண்டென்சருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். அப்படியே கை வைத்தால் மோட்டார் கண்டென்சர் நன்றாகவே உதைக்கும்.

சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மோட்டாருக்குள் தண்ணீர் நிற்காமல் சம்புக்கே இறங்கிவிடுகிறது. மேலே உள்ள மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றி நிரப்புங்கள். மோட்டாரைப் போடாமல் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். கண்ணெதிரே இறங்கினால் சம்பின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு சரியாக மூடவில்லை. குழாயைத் தூக்கி வால்வைக் கழற்றினால், அதன் மடலில் நூல், முடி, சின்னக் கல் என்று ஏதாவது ஒன்று சிக்கியிருக்கும். எடுத்துவிட்டுக் கழுவி மாட்டுங்கள். வால்வை மாட்டும் முன் அதில் தண்ணீர் ஊற்றிக் கையில் பிடித்துப் பார்த்தால் ஒழுகுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். மட்டம் இறங்கவே இல்லை, ஆனாலும் மோட்டார் போட்டால் தண்ணீர் வரவில்லை என்றால் உறிஞ்சும் குழாயின் இணைப்பு ஒன்றில் காற்று புகுகிறது. இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி ஓட்டுங்கள். நுரை உள்ளே இழுக்கப்படும் இடம்தான் கசிவு.

தண்ணீர் ஏறுகிறது, ஆனால் ரொம்ப நேரம் எடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க முன்கூட்டியே ஒரு வேலை செய்திருக்க வேண்டும். மோட்டார் நன்றாக ஓடும்போது தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று சுவிட்ச் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். 20 நிமிடத்தில் நிரம்பிய தொட்டி 40 நிமிடம் எடுத்தால் தண்ணீர் அதேதான், கரண்ட் இரண்டு மடங்கு. வால்வின் சல்லடை அடைப்பு, வோல்டேஜ் குறைவு, உள்ளே சுழலி தேய்மானம் என்ற வரிசையில் பாருங்கள்.

போர் மோட்டாரில் பங்குனி, சித்திரையில் தண்ணீர் விட்டு விட்டு வந்தால் அது மோட்டாரின் பழுதல்ல, நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. ஓட்டும் நேரத்தைக் குறைத்து இடைவெளி விடுங்கள். வெறும் காற்றை இழுத்து ஓடும் மோட்டார் சீக்கிரம் போய்விடும். தமிழ்நாட்டில் 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழி உங்கள் வீட்டிலும் இருக்கும். அதன் மேல் சல்லியையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட்டது எப்போது என்று யோசித்துப் பாருங்கள். சேறு மூடிய குழியில் மழைநீர் இறங்காமல் தெருவுக்குத்தான் போகும். மண்வெட்டியும் ஒரு நாள் உழைப்பும்தான் செலவு, புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது

ரெகுலேட்டரை முழுதாக வைத்தும் மெதுவாகச் சுற்றினால், அல்லது கம்பால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால், கண்டென்சர் பலம் குறைந்துவிட்டது. ஃபேன் தண்டின் மேல் கிண்ணத்துக்குள் சின்னப் பெட்டி மாதிரி இருக்கும். 2.5 என்றோ 3.15 என்றோ அதில் எழுதியிருக்கும். அதே எண்ணில் 100 ரூபாய்க்குள் கிடைக்கும். மெயினை அணைத்து, இரண்டு வயரையும் எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே மாட்டி, டேப் சுற்றுங்கள். முழு வேகத்தில் சரியாக இருந்து, குறைத்து வைக்கும்போது மட்டும் தகராறு என்றால் ரெகுலேட்டரைப் பாருங்கள். கரகரவென்ற சத்தம் பேரிங். ஃபேனைக் கழற்றி இறக்க உங்களோடு இன்னொரு ஆள் வேண்டும்.

அடிக்கடி டிரிப் ஆகிறது

எந்த சுவிட்ச் விழுகிறது என்பதுதான் முக்கியம். சின்ன எம்சிபி விழுந்தால் அந்த லைனில் சுமை கூடிவிட்டது அல்லது ஷார்ட். டெஸ்ட் பொத்தான் உள்ள அகலமான ஆர்சிசிபி விழுந்தால் எங்கோ மின்கசிவு. அது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும்படி வைத்த உயிர்க்காவல். தொல்லையாக இருக்கிறதென்று அதை நீக்கி நேரடியாக இணைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொடும் வீட்டில் அந்தச் சின்னப் பெட்டிதான் காவல்.

எல்லாச் சின்ன எம்சிபியையும் அணையுங்கள். ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். அப்போதே விழுந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைனில் உள்ள பிளக் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இப்போது நின்றால் பிடுங்கிய பொருளில் ஒன்றுதான் குற்றவாளி. கீசர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் முதலில் சந்தேகப்படலாம். மழை பெய்தால் மட்டும் விழுகிறது என்றால் வாசல் பெல் சுவிட்ச், மாடி விளக்கு, வெளியே இருக்கும் மோட்டார் ஆகியவற்றில் தண்ணீர் இறங்குகிறது. எர்த் குழியில் கோடைக்காலம் முழுவதும் வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது.

கரண்ட் பில் திடீரென்று ஏறிவிட்டது

பில்லில் முதலில் யூனிட்டைப் பாருங்கள், ரூபாயை அப்புறம் பார்க்கலாம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது நம்மூர்க் கணக்கில் ஒரு எல்லைக்கோடு. 2022இல் வந்த கட்டணப்படி, 500க்குள் இருந்தால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது. 500ஐத் தாண்டிவிட்டால் அதே யூனிட்டுக்கும் 4.50 ரூபாய். 2025 வரை விலை சற்று மாறினாலும் இந்த அமைப்பு மாறவில்லை. 495 யூனிட்டுக்கும் 505 யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 யூனிட்டின் விலையோடு நிற்காது என்பதற்கு இதுவே காரணம். கோடையில் ஏசி ஓடும் வீட்டில் 40ஆவது நாளில் மீட்டரைப் பார்த்து, எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்வது நல்ல பழக்கம்.

யூனிட்டே கூடியிருந்தால் மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கிடம் கேளுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று மீட்டர் முகத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், நிமிடத்துக்கு 16 சிமிட்டல் என்பது மணிக்கு 960, அதாவது 0.3 யூனிட், 300 வாட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்து எண்ணுங்கள். அப்போதும் வேகமாகச் சிமிட்டினால் எதையோ அணைக்க மறந்திருக்கிறீர்கள், இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறுகிறது, அல்லது கசிவு. மெயினையே அணைத்த பிறகும் சிமிட்டினால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள். எதுவும் அகப்படவில்லை என்றால் ஒவ்வொரு பொருளாகப் போட்டு எண்ணுங்கள், எது தின்கிறது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடினால் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் கதவு ரப்பர் பிடிக்கவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்து அழுக்கெடுத்தாலே பல கதவு சரியாகிவிடும்.

குளியலறையில் தண்ணீர் வடியவில்லை

மூலையில் உள்ள சல்லடையைத் தூக்கி, அடியில் உள்ள கிண்ணத்தை வெளியே எடுங்கள். முடியும் சோப்பும் சேர்ந்த கட்டி வரும். அவ்வளவுதான், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். அப்படியும் வடியாவிட்டால் ரப்பர் பம்பால் அழுத்துங்கள். கொதிக்கும் தண்ணீரைப் பிவிசி குழாயில் ஊற்ற வேண்டாம், குழாய் இளகி இணைப்பு விட்டுவிடும். இரண்டு மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் வடியாமல் நின்றால் அடைப்பு வெளியே சேம்பரில், அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட குழியில் இருக்கிறது.

உள்கூரையில் ஈரம்

மாடி ஒழுகுகிறது என்று சொன்னவுடன் மாடி முழுக்கப் பூச்சு அடிக்க விலை சொல்வார்கள். மாடி முழுவதும் ஒழுகும் வீடு குறைவு. ஒழுகும் இடம் பெரும்பாலும் மூன்று: கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைத்தண்ணீர்க் குழாயின் வாய், தொட்டி உட்காரும் மேடை. இவற்றை மட்டும் சரிசெய்தால் செலவு பத்தில் ஒரு பங்காகக் குறையும் வீடுகள் உண்டு.

முதலில் எப்போது என்ற கேள்வி. மழைக்குப் பிறகு மட்டும் ஈரம் தெரிந்து, வெயிலில் காய்ந்தால் அது மாடி. மழையே இல்லாத மாசியிலும் ஈரம் நின்றால் மேலே குழாயோ குளியலறையோ கசிகிறது. அதற்கு மாடியில் எத்தனை கோட் அடித்தாலும் பிரயோசனம் இல்லை.

மழைதான் காரணம் என்றால் தொட்டி கட்டிப் பார்க்கலாம். தண்ணீர்க் குழாயின் வாயைத் துணி சுருட்டி அடைத்து, சந்தேகமுள்ள பகுதியைச் சுற்றி மண்ணால் சின்ன வரப்புக் கட்டி, ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அந்தப் பகுதிதான். தெரியாவிட்டால் அடுத்த பகுதி. மாடி முழுவதும் ஒரே நேரத்தில் நிறுத்தாதீர்கள். ஒரு சதுர அடியில் ஒரு அங்குலத் தண்ணீரே 2.4 கிலோ கனம், 500 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் போகும். கட்டையும் செங்கலும் வைத்துக் கட்டிய பழைய மாடியில் இந்தச் சோதனையே வேண்டாம்.

இடம் தெரிந்த பிறகு வேலை சுலபம். விரிசலை உளியால் சற்று அகலமாக, வாய் விரிந்த பள்ளமாக வெட்டுங்கள். தூசியைப் பிரஷ்ஷால் தட்டிக் கழுவிக் காயவிடுங்கள். பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையை அழுத்தி நிரப்புங்கள். சுவரும் தளமும் சேரும் மூலையில் அதே கலவையைச் சரிவாகப் பூசிவிடுங்கள். அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கை ஒரு கோட் அடித்து, ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையைப் பதித்து, காய்ந்ததும் குறுக்குவாட்டில் இன்னொரு கோட். தளம் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது இதில் மாற்ற முடியாத நிபந்தனை. ஈரத்தின் மேல் அடித்தால் வெயிலில் கொப்புளம் கிளம்பி உரியும். ஐப்பசியில் ஒழுகும்போதுதான் எல்லோரும் ஓடுகிறார்கள். இந்த வேலைக்கு உரிய காலம் பங்குனி முதல் ஆடி வரை. இடையில் கோடை மழை பெய்தால் நாலு நாள் காயவிட்டுத் தொடருங்கள்.

அதே கையோடு மாடிக்கு வெள்ளையடித்துவிட்டால் சித்திரை வெயிலில் அறைச்சூடும் இறங்கும். சுண்ணாம்பே போதும். ஒவ்வொரு வருடமும் அடிக்க வேண்டியிருக்கும், ஆனால் விலை குறைவு.

சுவரின் அடியில் பெயிண்ட் உப்பி உதிர்கிறது

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்தால் மண்ணிலிருந்து ஓதம் ஏறுகிறது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வெளிப்பக்கம் சுவரை ஒட்டிப் பூச்செடி வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா, ஏசித் தண்ணீர் அங்கே சொட்டுகிறதா, முற்றத்துச் சரிவு வீட்டைப் பார்த்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை நிறுத்தினாலே பாதி குறையும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் உப்பு மறுபடி உள்ளேயே இறங்கும்.

சுவரில் விரிசல்

தலைமுடி மாதிரி, அங்கங்கே, எந்தத் திசையும் இல்லாமல் இருந்தால் அது பூச்சுக் காய்ந்த விரிசல். பயப்பட ஒன்றுமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறினால், படிக்கட்டு மாதிரி செங்கல் வரிசை வழியே போனால், கவனிக்க வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் கட்டிய வீடுகளில் கோடையில் விரிந்து மழையில் சேரும் விரிசல் உண்டு. ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்குவது அந்த மண்ணின் சுபாவம்.

விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் பாலால் ஒட்டுங்கள். தேதியைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கோடையும் ஒரு மழையும் கடந்து கண்ணாடி அப்படியே இருந்தால், விரிசலை வெட்டி நிரப்பிப் பெயிண்ட் அடிக்கலாம், ஒரு நாள் வேலை. கண்ணாடி உடைந்திருந்தால் பூசி மறைக்காதீர்கள். கொத்தனாரிடமும் போக வேண்டாம். கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து, அந்தத் தேதியையும் உடைந்த துண்டையும் காட்டுங்கள்.